சகலனை விடப் பெரிய கமரா

புங்குடுதீவில் பொறாமைக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டுக்காரர் கட்டிய மதிலைப் பார்த்து வருகிற பொறாமை மதிலோடு நின்றுவிடும். திருவிழாவில் பக்கத்து வீட்டாரின் உபயத்துக்குக் கூட்டு மேளம் வந்ததைக் கண்டு வருகிற பொறாமை அடுத்த திருவிழா வரைக்கும் தாங்கும். சகலன் மீது வருகிற பொறாமைக்குத்தான் எல்லையும் இல்லை, ஓய்வும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாமனார், ஒரே மாமியார், ஒரே சட்டி மீன்குழம்பு. அதில் பெரிய துண்டு யாருடைய கோப்பையில் விழுந்தது என்பதைக் கடைசி மூச்சு வரைக்கும் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டிய உறவு அது. இந்தத் துறையில் அரும்பெரும் சாதனை புரிந்து, பொறாமையிலிருந்து ஒரு கமராவையே கட்டி எழுப்பிய அலுமினியம் சயந்தனின் சரிதம் இதுவரை எழுதப்படாமல் கிடப்பது தீவகத்துக்கே பெரிய குறை.

சயந்தன் நாற்பதைத் தாண்டியவர். குறிகட்டுவானுக்குப் போகிற வீதியில், படகுக்கு நேரமாகிவிட்டதென்று பறக்கிற பஸ்கள் புழுதியை அள்ளிக் கொட்டிவிட்டுப் போகிற இடத்தில் அவருடைய பட்டறை. அலுமினியச் சட்டங்களை அளந்து வெட்டி யன்னலும் கதவும் செய்து பொருத்துவது தொழில். இந்தத் தீவில் மர யன்னலைக் கறையான் தின்னும், இரும்பு யன்னலை உப்புக்காற்றுத் தின்னும், அலுமினியத்தை எதுவும் தின்னாது. ஆகவே கனடாவிலும் பிரான்சிலும் இருந்து வந்து, பூட்டிக்கிடந்த வீட்டைத் திருத்துகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். திருத்தி முடித்ததும் யன்னல்களை இழுத்துப் பூட்டிவிட்டு மறுபடி விமானம் ஏறிவிடுவார்கள். ஆளில்லாத வீடுகளுக்குள் காற்றுப் புகாமல் பார்த்துக்கொள்ளும் மாபெரும் பொறுப்பைச் சயந்தன் இவ்வாறு தனியொருவராகச் சுமந்து வந்தார்.

ஆனால் யன்னல் செய்கிறவனுக்கு ஒரு தலைவிதி உண்டு. யன்னலை ஒருவரும் பார்ப்பதில்லை. யன்னலுக்குள்ளால் கடலைப் பார்ப்பார்கள், அயல் வீட்டில் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். வேலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு அது கண்ணில் படாது.

கெங்காதரனுக்கு இந்தத் தலைவிதி இல்லை. அவர் சயந்தனின் மனைவி கிருசாந்தியின் தங்கை நிசாந்தினியைக் கட்டியவர், ஊர்காவற்றுறையில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர். உடம்பெல்லாம் பொக்கற் வைத்த ஒரு கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குள் அவர் நுழைந்தால் ஐயர் மந்திரத்தை நிறுத்துவார். "நாடியைக் கொஞ்சம் நிமித்துங்கோ" என்றால் ஊர்ப் பெரியவர்கள் நாடியை நிமிர்த்துவார்கள். "கொஞ்சம் சிரியுங்கோ" என்றால் காணி வழக்கில் இருக்கிற அண்ணன் தம்பி கூடச் சிரிப்பார்கள். சயந்தன் இருபது வருடமாக யன்னல் அளக்கப் போகிற வீடுகளில், "அண்ணை, அந்தக் கதிரையைக் கொஞ்சம் தள்ளுங்கோ" என்று கேட்டு, கடைசியில் தானே தள்ளிக்கொள்கிறவர்.

இதையெல்லாம் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாமல் போனது ஒரு படத்தினால்.

சொந்தத்தில் ஒரு கலியாணம். அங்கே கெங்காதரன் கிருசாந்தியை ஒரு படம் எடுத்துவிட்டார். படத்தில் அவள் சிரிக்கிறாள். உதட்டால் மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. தலை பின்னால் சாய்ந்து, கண் இடுங்கி, கடைவாய்ப் பல்லில் அடைத்த வெள்ளி கூடத் தெரிகிற சிரிப்பு. பார்த்தவர்கள் எல்லாம் "கெங்கா எடுத்தால் கல்லும் சிரிக்கும்" என்றார்கள். தன் மனைவியைக் கல் என்று சொல்லிவிட்டார்கள் என்பதைக் கவனிக்கக் கூடச் சயந்தனுக்கு அப்போது நிதானம் இருக்கவில்லை. இருபது வருடக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

"அவன் என்ன சொன்னவன், நீ உப்பிடிச் சிரிக்கிறதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்.

"ஆருக்குத் தெரியும்? எனக்கு ஞாபகமில்லை."

"ஞாபகமில்லாத பகிடிக்கோ உந்தச் சிரிப்பு?"

"என்னப்பா, சிரிச்சதுக்கும் விளக்கம் வைக்கப் போறியளோ?"

விசாரணை அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் விவகாரம் முடியவில்லை. சயந்தன் அப்போது சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். யன்னல் முழுக்கத் தன் கையால் செய்தது. தை பிறந்ததும் குடிபூரல், பால் காய்ச்சிக் குடிபுகுகிற நாள். ஒருநாள் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த கெங்காதரன், வாசலுக்கு நேரே இருந்த வெறுஞ் சுவரைப் பார்த்து நின்றார்.

"அக்கா, அந்தக் கலியாண வீட்டுப் படத்தைப் பெருப்பிச்சு, தங்கச் சட்டம் போட்டுத் தாறன். என்ரை குடிபூரல் பரிசு. உந்தச் சுவருக்கெண்டே எடுத்த மாதிரி இருக்கும்."

"ஓம் தம்பி, நல்ல வடிவாயிருக்கும்" என்றாள் கிருசாந்தி.

தன் வீட்டு வாசலில், தன் யன்னலால் வருகிற வெளிச்சத்தில், தன் மனைவி சகலனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பாள். காலையில் எழும்பி வேலைக்குப் போகும்போதும் சிரிப்பாள், பின்னேரம் களைத்து வரும்போதும் சிரிப்பாள், சிரிப்பது மட்டும் தனக்காக இருக்காது. சயந்தன் சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அந்தச் சுவருக்கு நான் படம் எடுப்பன்" என்றார்.

"நீங்களோ? எதாலை?"

"போனாலை."

கெங்காதரன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை, இரக்கப்பட்டார். "போன் படத்தை அந்த அளவுக்குப் பெருப்பிச்சால் அக்கா புள்ளி புள்ளியாப் போயிடுவா அண்ணை. அதுக்குப் பெரிய கமரா வேணும்."

பெரிய கமரா எப்படியிருக்கும் என்பதைக் காட்டிக்கொடுத்தது குறிகட்டுவான் துறை. நயினாதீவில் ஒரு வீட்டுக்குப் பொருத்த யன்னல்களைச் சாக்கில் சுற்றிப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார் சயந்தன். அதே படகில் அம்மன் கோயில் கலியாணம் ஒன்றுக்குப் படமெடுக்கப் போவதற்காகக் கெங்காதரனும் வந்திருந்தார். துறையின் ஓரத்தில், நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் முக்காலியில் ஒரு மரப்பெட்டியை நிறுத்தி, கறுத்தத் துணிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் கெங்காதரன் நின்ற நிலையைத்தான் சயந்தன் கவனித்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மேளகாரருக்கே கட்டளையிடுகிற மனிதர், கோயில் வாசலில் பிரசாதத்துக்கு நிற்கிறவர் போல நின்றார்.

"உது என்ன பெட்டி?" என்று சயந்தன் கேட்டார்.

"பெரிய பிலிம் கமரா அண்ணை. உதிலை எடுத்த படத்தைச் சுவரளவுக்குப் பெருப்பிச்சாலும் கண்மயிர் எண்ணலாம். எங்களுக்கெல்லாம் அது கனவு."

"உம்மட்டை இல்லையோ?"

"எங்கை அண்ணை!"

இந்த "எங்கை அண்ணை" சயந்தனின் காதில் மங்கள வாத்தியமாக விழுந்தது. யன்னல்களைப் படகில் விட்டுவிட்டு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். முன்னால் ஒரு சட்டம். பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாய் ஒரு துருத்தி. பின்சட்டம் தண்டவாளத்தில் கிறீச்சிட்டபடி முன்னும் பின்னும் ஓடுகிறது. சயந்தன் வெள்ளைக்காரரைப் பரிதாபத்தோடு பார்த்தார். பாவம், இவ்வளவு தூரம் மரத்தில் செய்த ஒரு சிலைடிங் யன்னலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கறையான் பிடிக்கப் போகிறது.

மறுநாளே வேலை தொடங்கியது. வெளிநாட்டு வீடுகளுக்கு வெட்டி மிஞ்சிய அலுமினியச் சட்டங்கள் பட்டறை மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றில் நேரானவற்றைப் பொறுக்கி, மூலை மூலையாய் நாற்பத்தைந்து பாகையில் அறுத்து, இரண்டு சட்டகம் இறுக்கினார். கீழே சிலைடிங் யன்னலின் ஓட்டப்பாதை, அதில் சின்னச் சில்லுகள். பின்சட்டகம் விரலால் தொட்டால் ஓடியது, விட்டால் நின்றது. வெள்ளைக்காரரின் பெட்டி கிறீச்சிட்டதை நினைத்துச் சயந்தன் தனக்குள் புன்னகைத்தார்.

வில்லைக்கு யாழ்ப்பாணத்துப் பழைய சாமான் கடையொன்றில் செத்துக் கிடந்த போட்டோக்கொப்பி மெசினின் வயிற்றைக் கிழித்தார். படம் விழுகிற கண்ணாடி பனி பிடித்தது போல இருக்கவேண்டும் என்று யூரியூப் சொன்னது. குளியலறை யன்னலுக்குப் போடுகிற பூக்கண்ணாடியை முதலில் போட்டுப் பார்த்தார். உலகம் முழுவதும் பூப்பூவாய்த் தெரிந்தது. பிறகு சாதாரணக் கண்ணாடியை மோட்டார்சைக்கிள் கடைக்காரர் வால்வு தேய்க்கிற பசை பூசித் தேய்த்து எடுத்தார். பிலிமுக்கு, கணினிக்கு மாறிவிட்ட ஒரு எக்ஸ்றே நிலையத்தில் மிஞ்சிக் கிடந்த பெட்டியும் கழுவுகிற மருந்தும் கிடைத்தன. நெஞ்சுப்படம் எடுக்கிற பெரிய பிலிம். கெங்காதரனின் கமராவுக்குள் படத்தைப் பதிகிற மின்சில்லு அதன் மூலையில் ஒரு முத்திரை அளவுக்குத்தான் வரும். இந்தக் கணக்கைச் சயந்தன் பலமுறை போட்டுப் பார்த்தார்.

துருத்திக்குத்தான் கறுப்புத் துணி வேண்டியிருந்தது. மாமனார் அப்புத்துரை அரைத் தூக்கத்தில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபோது அவருடைய பெரிய கறுப்புக் குடை காணாமற் போனது.

"என்ரை குடையின்ரை கம்பி மட்டும் வேலியிலை தொங்குது. சீலை எங்கை?" என்று கிழவர் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"மாமா, கலைக்கெண்டு குடுத்ததா நினையுங்கோ."

"மழைக்கு நான் கலையைப் பிடிக்கிறதோ?"

இப்படியாக உருவான கமரா, முக்காலியில் ஏற்றியபோது ஒரு மலசலகூட யன்னல் காலை விரித்து நின்றது போல இருந்தது. ஆனால் பெரிது. வெள்ளைக்காரருடையதை விடப் பெரிது. வெளிச்சம் புகக்கூடிய மூலை எல்லாவற்றையும் கறுப்புச் சிலிக்கனால் பூசி, சயந்தன் அதைப் புது வீட்டு முற்றத்தில் நிறுத்தி, மாங்கன்றுக்குப் பக்கத்தில் கிருசாந்தியை ஒரு கதிரையில் இருத்தினார்.

இங்கே ஒரு சிக்கல் முளைத்தது. இந்தக் கமராவுக்கு மூடித் திறக்கிற பொறி கிடையாது. வில்லையைப் பால்மா ரின்னின் தகர மூடியால் மூடியிருப்பார். மூடியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி மூடவேண்டும். அதுவரைக்கும் இருக்கிறவர் அசையக்கூடாது. அசையாமல் சிரிப்பது எப்படி? ஒரு சிரிப்பைப் பிடிப்பதற்காக உலகத்திலேயே சிரிப்பைப் பிடிக்கமுடியாத ஒரே கமராவைச் சயந்தன் கட்டியிருந்தார். இதை அவர் ஒரு குறையாக ஏற்றுக்கொள்ளவில்லை. குறை கிருசாந்தியிடம் என்று முடிவெடுத்தார்.

"சிரி."

"சிரிக்கிறன்."

"சிரிச்சபடி இரு."

"எவ்வளவு நேரம்?"

"மூடி மூடுமட்டும்."

"விசரே உங்களுக்கு? அடுப்பிலை சோறு."

துணிக்குள் தலையை விட்டார். பனிக்கண்ணாடியில் கிருசாந்தி தலைகீழாய்த் தொங்கினாள். கமராவின் இயற்கை அது. எல்லாம் தலைகீழ். ஆகாயம் கீழே, கதிரை மேலே. ஆனால் முகத்தைப் பார்த்ததும் சயந்தனுக்கு உடம்பு புல்லரித்தது. வாயின் இரண்டு ஓரமும் மேல் நோக்கி வளைந்திருந்தன. சிரிக்கிறாள்! அசையாமல், அடக்கமாய், தனக்கென்று, முழுச் சிரிப்பு! அவசரமாய் வில்லையை மூடி, துணிக்குள்ளேயே பிலிமைச் செருகி, மூடியைக் கழற்றினார்.

குளியலறையில் கோயில் சோடனைச் சிவப்பு பல்பின் கீழ் பிலிமைக் கழுவினார். கறுப்பு வெள்ளை மாறியிருந்ததால், இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இன்னொரு பிலிமோடு சேர்த்து வைத்து, ரோச் லைற் அடித்து மறுபடம் எடுத்து, நேராய்ப் பிடித்துப் பார்த்தார்.

நேராய்ப் பிடித்ததுதான் பிழை. தலைகீழில் மேலே வளைந்திருந்த வாய் நேரில் கீழே வளைந்திருந்தது. சோறு அடிப்பிடிக்கிறதென்று தெரிந்தும் எழும்ப முடியாமல் இருக்கிற ஒரு பெண்ணின் முகம், கண்மயிர் எண்ணுகிற தெளிவில், அவரை முறைத்தது. எக்ஸ்றே பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது என்பதால் குங்குமப்பொட்டு கறுப்பாய், நெற்றிக் கண் போல நின்றது. இதற்கு மேல், படத்தின் உச்சியிலிருந்து அவள் தலையை நோக்கி மூன்று வெளிச்சக் கதிர்கள் இறங்கியிருந்தன.

வாய்க்குச் சயந்தன் தன்னையே பொறுப்பாக்கினார். கதிர்களுக்குக் கெங்காதரனைப் பொறுப்பாக்கினார். காரணம் இருந்தது. கமரா உருவாகத் தொடங்கியதிலிருந்து கெங்காதரன் "இந்தப் பக்கமாய் வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வராத நாள் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு இந்தப் பக்கம் வழியாகவே போகவேண்டியிருந்தது. வருவார், கமராவைச் சுற்றுவார், பின்சட்டகத்தை ஒருதரம் தள்ளுவார், ஒருதரம் இழுப்பார்.

"என்ன வழுக்கல் அண்ணை! என்ரை முக்காலி கூட உப்பிடி ஓடாது."

"ஓடாதுதான்."

"இதைக் கலியாணங்களுக்குக் கொண்டுபோகலாம். ஒருநாள் தாருங்கோவன்."

"ஏலாது. அது வீட்டுப் பாவனைக்கு."

இப்படிச் சொல்கிற இன்பத்துக்காகவே சயந்தன் தேநீர் கொடுத்து அவரை இருத்தி வைத்திருந்தார். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்தப் பார்வை சும்மா பார்வை அல்ல. கண்ணூறு! அலுமினியத்தை எதுவும் தின்னாது என்று நம்பியிருந்தவருக்குச் சகலனின் கண் தின்னும் என்று விளங்கியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் செத்தல் மிளகாயும் உப்பும் வேப்பிலையும் எடுத்துக் கமராவை இடமும் வலமுமாய்ச் சுற்றி, நாவூறு கழித்து, அடுப்பில் போட்டார். மிளகாய் கமறவேயில்லை.

"பாத்தியோ? கமறயில்லை. அவ்வளவு கண்ணூறு!" என்றார்.

"மிளகாய் நமுத்துப் போச்சுதப்பா, மாரி காலம்" என்றாள் கிருசாந்தி.

அடுத்த படத்திலும் மூன்று கதிர்கள் இறங்கின. கிருசாந்தியின் முறைப்பும் ஒரு படி முன்னேறியிருந்தது. ஆகவே இது கண்ணூறு அல்ல, கைவேலை என்று சயந்தன் தீர்மானித்தார். கெங்காதரன் ஆளில்லாத நேரத்தில் பிலிம் பெட்டியைத் திறந்து வெளிச்சம் காட்டியிருக்கிறார்.

மார்கழி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடிபூரல் கிட்ட வந்துவிட்டதால் புது வீட்டைக் கழுவ எல்லாரும் கூடியிருந்தார்கள். நிசாந்தினி தரை தேய்க்கிற தும்புத்தடியோடு நின்றாள். அப்புத்துரை வேலை செய்கிறவர்களுக்கு ஆலோசனை வழங்கினார். கெங்காதரன் வழக்கம்போலக் கழுத்தில் கமராவோடு வந்திருந்தார். முற்றத்தில் சயந்தனின் கமரா, கடைசி முயற்சிக்குத் தயாராய், பனிக்கண்ணாடி வெளியே தெரிய நின்றது. கிருசாந்தி கதிரையில் இருந்தாள். கெங்காதரன் பின்சட்டகத்தைத் தொட்டார்.

"கையை எடும்!" என்றார் சயந்தன்.

"என்ன அண்ணை?"

"நீர்தான் என்ரை பிலிமுக்கு வெளிச்சம் காட்டினீர். உமக்கு எரிச்சல். எரிச்சல்!"

"எனக்கோ? உங்களிலையோ? நானேன் அண்ணை எரியப் போறன்?"

கெங்காதரன் இதைச் சொன்ன விதத்தில் எரிச்சல் தெரிந்தது. நிசாந்தினி தும்புத்தடியை ஊன்றினாள்.

"அத்தான், இவர் ராத்திரி நித்திரையிலையும் உங்கடை கமராவைப் பற்றித்தான் புலம்புறார். ஆனால் களவாய்த் திறக்கிற அளவுக்கு இவருக்குத் துணிவு கிடையாது."

மனைவி தந்த இந்த நற்சான்றிதழுக்குக் கெங்காதரன் பதில் யோசிப்பதற்குள் வானம் திறந்தது. தீவின் மாரி மழை முன்னறிவித்தல் தருவதில்லை. எல்லாரும் விறாந்தைக்கு ஓடினார்கள். கமரா முற்றத்தில் தனியே நின்றது. மழை பனிக்கண்ணாடியில் அடித்து, வழிந்து, அடிச்சட்டத்துக்குள் இறங்கியது.

அப்போது அடிச்சட்டத்தின் வெளிப்பக்கத்தில், அளந்து வைத்தது போல மூன்று இடங்களில், மூன்று மெல்லிய நீர்க்கோடுகள் புறப்பட்டு அழகாய் நிலத்தில் விழுந்தன.

விறாந்தையில் நின்ற எல்லாரும் சயந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

யன்னலைத் தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் இல்லை. கண்ணாடியில் வழிகிற மழைத்தண்ணீர் அடிச்சட்டத்தில் தேங்கினால் வீட்டுக்குள் வரும். ஆகவே அடிச்சட்டத்தில் தண்ணீர் போகிற துளைகள் போடுவார்கள். உப்புக்காற்றும் சாய்மழையும் உள்ள இந்தத் தீவில் துளை போடாத அடிச்சட்டத்தைச் சயந்தனின் கை ஒருநாளும் செய்ததில்லை. அந்தக் கை, எசமானைக் கேளாமல், கமராவின் அடிச்சட்டத்திலும் துரப்பணத்தை வைத்துவிட்டது. மூலை மூலையாய்ச் சிலிக்கன் பூசியவரின் கண்ணில் அந்தத் துளைகள் ஒருநாளும் துளையாய்ப் படவில்லை. மனிதனுக்கு மூக்கில் இரண்டு துளை இருப்பது போல அடிச்சட்டத்துக்கு அவை இருந்தாக வேண்டும். அவற்றினால் புகுந்த வெளிச்சம்தான் பிலிமின் அடியில் விழுந்து, தலைகீழ்ப் படம் நேரானபோது உச்சியிலிருந்து இறங்கியது.

முதலில் வாய் திறந்தவர் அப்புத்துரை.

"பிள்ளையள், ஒண்டு சொல்லுவன். என்ரை மூத்த மருமோன் செய்த கமராவுக்குள்ளை ஒரு சொட்டுத் தண்ணி தேங்காது. உலகத்திலை வேறை எந்தக் கமராக் கொம்பனி இந்த உத்தரவாதம் தரும்?"

நிசாந்தினி தும்புத்தடியை விட்டாள். கிருசாந்தியின் தோள் குலுங்கியது. ஒரு கையால் வாயைப் பொத்தினாள், பொத்தமுடியவில்லை. தலை பின்னால் சாய்ந்தது. அந்தச் சிரிப்பு. அதே சிரிப்பு, கடைவாய் வெள்ளியோடு. "ஐயோ, என்ரை மனுசன், என்ரை மனுசன்" என்று விட்டு விட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

சயந்தன் அதைக் கண்டார். கண்ணிமைக்கிற நேரம்தான் கண்டார். ஏனென்றால் அதே கணத்தில் ஓரக்கண்ணில் இன்னொன்றையும் கண்டார். கெங்காதரனின் கை கழுத்திலிருந்த கமராவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொழில்காரரின் கை. அதுவும் எசமானைக் கேளாமல்தான் போயிருக்கும். ஆனால் சயந்தன் அப்போது நியாயம் பார்க்கிற நிலையில் இல்லை. பாய்ந்தார். இரண்டு கையையும் விரித்து, கெங்காதரனின் வில்லைக்கு முன்னால் ஒரு கதவாக நின்றார். வில்லை இடப்பக்கம் போனால் இவரும் இடப்பக்கம், வலம் போனால் வலம். சிலைடிங் கதவு.

"விடுங்கோ அண்ணை! என்ன ஒரு சிரிப்பு! விலகுங்கோ!"

"ஏலாது!"

படம் பதியப்படாமல் காப்பாற்றப்பட்டது. வெற்றி பூரணமானது. அதன் ஒரே சின்னக் குறைபாடு, கெங்காதரனை மறித்து நின்றவரின் முதுகு கிருசாந்திப் பக்கம் இருந்தது. இருபது வருடம் காத்திருந்த சிரிப்பை, அவர் கட்டிய கமரா கொண்டுவந்த சிரிப்பை, அவருடைய பெயரைச் சொல்லாத குறையாகச் சிரித்த சிரிப்பை, மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு நாய் உட்பட அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள். சயந்தன் சகலனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது கிருசாந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோறு போடட்டோ?" என்றாள்.

துளைகளை அன்று பின்னேரமே சிலிக்கனால் அடைத்தார். ஆனால் கிருசாந்தி இனி அந்தக் கதிரையில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "முகத்தை மரமாட்டம் வைச்சிருக்க எனக்கு ஏலாது. எடுத்தது காணும்."

குடிபூரலுக்கு முதல்நாள் சுவருக்கு முன்னால் இரண்டு மருமக்களும் ஆளுக்கொரு படத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கெங்காதரனின் கையில் தங்கச் சட்டத்துக்குள் சிரிக்கிற கிருசாந்தி. சயந்தன் தன் படத்தை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, அலுமினிய யன்னல் சட்டம் போட்டு, பின்னால் ஒரு மின்விளக்கும் பூட்டியிருந்தார். எக்ஸ்றே பிலிமின் நீல நிறம் அப்படியே ஒளிர்ந்தது. நீல வெளிச்சத்தில், கறுத்த நெற்றிப்பொட்டோடு, மூன்று கதிர்கள் தலைக்கு இறங்க, முறைக்கிற கிருசாந்தி.

"எந்த எலும்பு முறிஞ்சதெண்டு டொக்டர் சொன்னவரே?" என்று நிசாந்தினி கேட்டாள்.

கிருசாந்தி இடுப்பில் கை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சயந்தன் தன் சட்டத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"புது வீட்டுக்கு முன்னாலை கண்ணூறுக்கெண்டு வெருளிப் பொம்மை கட்டிறதெல்லே?" என்றாள் கடைசியில். "இந்த முறைச்ச மூஞ்சியை மாட்டினால் வெருளி தேவையில்லை. சிரிச்ச மூஞ்சியை வாசலிலை மாட்டினால் வாறவை எல்லாம் இருந்து, சாப்பிட்டு, படுத்தெழும்பித்தான் போவினம். இவளைக் கண்டால் தேத்தண்ணியோடை எழும்புவினம். இவரின்ரை படத்தை மாட்டுங்கோ."

சயந்தன் வென்றார். குடிபூரலுக்கு வந்த சனம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் அப்படியே நின்றது. லண்டனிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, எந்தக் கோயில் அம்மன் என்று விசாரித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். கெங்காதரன் ஒரு மூலையில் கைகட்டி நின்று, சனம் தன் அங்கியைப் பாராமல் அந்த நீல வெளிச்சத்தைப் பார்ப்பதைப் பார்த்தார். குறிகட்டுவானில் திறந்த அதே அளவுக்கு அவருடைய வாய் திறந்திருந்தது. "அண்ணை, அந்த மூண்டு ஓட்டையையும் நீங்கள் அடைச்சிருக்கக்கூடாது" என்று காதில் வந்து சொன்னார். சயந்தனின் வாழ்வில் அதைவிடப் பெரிய நாள் இருக்க நியாயமில்லை.

அப்போது உள்ளேயிருந்து நிசாந்தினி, "அக்கா, இந்தச் சிரிச்ச படத்துக்கு ஆணி எங்கை அடிக்கிறது?" என்று கேட்டாள்.

"குசினிக்குள்ளை மாட்டு. அடுப்படிக்கு நேரை. நான் பாத்துக்கொண்டு நிக்க."

ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வோர் அடியும் சயந்தனின் நெஞ்சில் இறங்கியது. வாசல் ஊருக்கு. குசினி அவளுக்கு. ஊருக்குக் காட்டுகிற சுவரைத் தான் பெற்று, அவள் நாள் முழுக்கப் பார்க்கிற சுவரைச் சகலனுக்குக் கொடுத்துவிட்டதை அவர் அந்தச் சத்தத்திலேயே கணக்குப் பார்த்துவிட்டார். வந்தவர்கள் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். "ஓம், ஓம்" என்றார். காது குசினிக்குள் இருந்தது.

இப்போதெல்லாம் அவருக்குத் தாகம் கூடிவிட்டது. பட்டறையிலிருந்து மத்தியானம் வருகிறவர் நேரே குசினிக்குள் போவார். செம்பில் தண்ணீர் வார்த்து, அடுப்படிக்கு நேரே நின்று, சுவரைப் பார்த்தபடி மெல்ல மெல்லக் குடிப்பார். படத்தில் அவள் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் அவள் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னப்பா, ஒரு செம்புத் தண்ணிக்கு இவ்வளவு நேரமோ?"

"சுடுதண்ணி."

"பானைத் தண்ணியே சுடுது?"

சயந்தன் செம்பை இன்னொருதரம் நிரப்புவார்.